அண்ணேன்னு கூப்பிட்டவ

ஹலோ... ஹலோ, நான்தாண்டி, எதிர் வீடு. ...ஆமா, ஆமா, சாப்பிட்டாச்சு. அதை விடு. சலவைக்கடைக்காரன் ஒரு சேதி சொன்னான். ...இல்ல, நீயே சொல்லு. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

...சரி, நானே சொல்றேன். உன் பச்சைச் சேலையும் மருந்துக்கடைக்காரர் சட்டையும் ஒரே மூட்டையில வந்துச்சாமே? ...தவறுதலாவா? சேலை தானா நடந்து போய் சட்டையோட சேர்ந்துக்கிச்சாக்கும்! ...என்ன? ...கல்யாணமா? பதிவே பண்ணியாச்சா? ...போன வாரமா!

...இரு, உட்கார்ந்துக்கறேன்.

இந்தத் தெருவுல யார் தும்மினாலும் முதல்ல எனக்குத்தாண்டி கேக்கும். எதிர் வீட்டுல கல்யாணமே நடந்திருக்கு, அதைச் சலவைக்கடைக்காரன் வந்து சொல்றான். ...சந்தோஷந்தான். ஆமா, ஆமா, ரொம்ப சந்தோஷம். வீட்டுக்காரர் போனதுலேர்ந்து நீயும் தனியாத்தானே கிடந்தே. இந்த வயசுல ஒரு துணை கிடைச்சா நான் வேண்டாம்பேனா? ...அழலடி. மூக்கடைப்பு. ...மாத்திரையா? அந்தக் கடை மாத்திரை எனக்கு வேண்டாம்!

ஏண்டி, உன்னை நான் எதுக்கு அனுப்பினேன்? ...மறந்துட்டியா? அவரும் தனிக்கட்டை, நானும் தனிக்கட்டை, என்னைப் பத்தி மெதுவாப் பேசிப் பாருன்னுதானே அனுப்பினேன்? வாய்க்கு வாய் 'அண்ணே, அண்ணே'ங்கிறவளாச்சே, இவளை விடத் தோதான ஆள் ஏதுன்னு நம்பி... ...சிரிக்காதே! இல்லாத இருமலுக்கு எத்தனை பாட்டில் வாங்கினேன், அந்த மனுஷன் முகத்தைப் பாக்க!

ஒண்ணே ஒண்ணு சொல்லு. என்னைப் பத்தி அவர்கிட்ட சொன்னியா? ...சுத்தி வளைக்காதே. சொன்னியா, இல்லையா?

...ஒரு வார்த்தை கூடவா சொல்லல? ...அப்போ, 'யோசிக்கணும்னாரு, கொஞ்சம் பொறு'ன்னியே? ...அதுவும் நீயா கட்டின கதையா? ...அடிப்பாவி! நானும் ஊர்க்கதை பேசறவதான். ஒண்ணை ரெண்டாக்கிச் சொல்லுவேன், ஒத்துக்கறேன். உன்னை மாதிரி முழுசா முழுங்கினதில்லடி.

...யாரு அது, கனைக்கிறது? ...வந்துட்டாரா? ...கையெல்லாம் சோப்புன்னா ஸ்பீக்கர்லயா போடுவே! எப்போலேர்ந்து நிக்கறாரு?

...வணக்கங்க. ...நல்லா இருக்கேங்க. வாழ்த்துச் சொல்லலாம்னுதான்... ...ஆமாங்க. ...ஆமா, நீங்க கேட்டதெல்லாம் நெசந்தாங்க. ...தெரியவே தெரியாதுங்களா? ...தெரிஞ்சிருந்தா? ...தெரிஞ்சிருந்தா என்னங்க, சொல்லுங்க. ...ஏய், நீ குறுக்க பேசாதே, அவரைப் பேச விடு! ...ஹலோ? ...ஹலோ?