தவிர்க்க வேண்டிய இருபத்திரண்டு பிழைகள்

தாளின் இடது ஓரத்தில் ஒன்றரை அங்குலம் விட்டிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். பைண்டிங்கில் அரை அங்குலம் உள்ளே போய்விடும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். விசாரணைக் குழுவுக்குக் கொடுக்கும் வாக்குமூலத்தை யார் பைண்டு செய்யப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். எனக்குக் கை அப்படிப் பழகிவிட்டது.

என் பெயர் அற்புதமேரி. நம் கல்லூரியின் ஆய்வுப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஆய்வேடுகள் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் ஓரம், எழுத்தளவு, பக்க எண், மேற்கோள் பட்டியல் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் பொறுப்பு. எங்கள் அறை வாசலில் ஒட்டியிருக்கும் 'ஆய்வேட்டில் தவிர்க்க வேண்டிய இருபத்திரண்டு பிழைகள்' நான் தயாரித்ததுதான். கிருஷ்ணகிரிப் பக்கம் இரண்டு கல்லூரிகள் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருக்கின்றன. என் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள். அடுத்தவர் எழுதியதைப் பெயர் சொல்லாமல் எடுப்பது பட்டியலில் பத்தொன்பதாவது பிழை.

கட்டடவியல் துறை சகாயநாதன் என் கணவர். கிரானைட் பட்டறைகளில் மிஞ்சும் தூளைக் கலந்து செங்கல் செய்வது அவருடைய ஆய்வு. எங்கள் கட்டிலுக்கு அடியில் நாற்பது செங்கல் இருக்கின்றன. காற்றில் கதவு அடித்துக்கொள்கிறதே என்று ஒரு நாள் அதில் ஒன்றை எடுத்து அண்டக் கொடுத்தேன். "ஐயோ மேரி, அதைத் தொடாத, அது சாம்பிளு" என்று ஓடி வந்தார்.

அவருடைய ஆய்வேடு எங்கள் பிரிவிலிருந்து ஆறு முறை திரும்பிப் போனது. ஏழாவது முறை திரும்பியபோது கெடுவும் முடிந்துவிட்டது. இப்போது பதிவையே ரத்து செய்யலாமா என்று நீங்கள் கூடியிருக்கிறீர்கள். ரத்தானால் எட்டு வருட உழைப்பு வீண். "என் அஜாக்கிரதையே காரணம்" என்று அவர் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது உண்மையல்ல. கல்லூரிப் பதிவேட்டில் தவறான தகவல் ஏறக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

கணவரின் ஏட்டை மனைவியே சரிபார்ப்பது முறையல்ல. அதனால் விஜயகுமார் சார்தான் பார்த்தார். நேர்மையான மனிதர். என் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்கேலால் ஓரத்தை அளந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். வீட்டில் தட்டச்சு செய்தது மட்டும் நான்.

என் கணவர் வெளியே நன்றாகப் பேசுவார். டீக்கடையில் அவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் "சாவி", "சோறு", "கரண்டு போயிடுச்சா" என்பதோடு சரி. கல்யாணமாகிப் பதினோரு வருடம் இப்படித்தான் போனது. அவரைக் குறை சொல்லவில்லை. பாகலூர் சாலையில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் இதே கதைதான்.

ஆய்வேடு எழுதத் தொடங்கியதும் தினமும் மாலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ஒன்பது மணி வரை பேசினார். ஒரு நாள் ஓர் அட்டவணைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தவர், "நீ என்ன நினைக்கிற மேரி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் வாயால் அன்றுதான் முதல்முறை கேட்டேன். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். செங்கல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்ற அட்டவணை அது.

ஏடு முடிந்த அன்று, "அப்பாடா, ஒழிஞ்சுது" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கேரம் ஆடப் போய்விட்டார். மணி ஏழேகால். மேசையில் நானும் கணினியும் இருந்தோம். அட்டவணையின் தலைப்பு மேலே வர வேண்டும், படத்தின் தலைப்பு கீழே. அவருடைய ஏட்டில் முப்பத்தொரு அட்டவணைகள். முப்பத்தொன்றின் தலைப்பையும் கீழே இறக்கினேன். இருபது நிமிடம் ஆனது.

ஏடு திரும்பி வந்தது. மறுநாள் ஏழு மணிக்கு அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். நான் கேசரி கிளறினேன்.

அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஒரு முறைக்கு ஒரு பிழை, அவ்வளவுதான். எதை எங்கே வைத்தால் விஜயகுமார் சார் பிடிப்பார் என்பது எனக்குத் தெரியாதா? மூன்றாவது முறை திரும்பியபோது பதவி உயர்வு ஹரீஷ்குமாருக்குப் போனது. அவன் என் கணவரிடம் படித்தவன். ஐந்தாவது முறை அவருக்கு ரத்த அழுத்தம் வந்தது. மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுத்தது நான்தான், அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஏழாவது முறை அவர் என்னிடம் சொல்லாமலேயே ஏட்டை ஜூஜுவாடியில் பூங்கொடி நடத்தும் டிடிபி கடையில் கொடுத்துவிட்டார். லாரிக்காரர்களுக்கு மூன்று மொழியில் படிவம் அடித்துக் கொடுக்கிற கடை அது. "உன் கண்ணு கெட்டுப் போவுது மேரி. எனக்காக எவ்வளவுதான் கஷ்டப்படுவ" என்றார். அந்த ஏட்டில் ஓரம், பக்க எண், அட்டவணைகளை மட்டும் புரட்டிப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. லாரிப் படிவம் அடிக்கிறவள் என் பட்டியலை எங்கேயோ பார்த்திருக்கிறாள்.

கெடு நாளுக்கு முந்தின நாள் என் கணவர் ஏட்டை விஜயகுமார் சாரின் மேசையில் வைத்துவிட்டு, மாணவர்களோடு நாட்றாம்பாளையத்துக்கு முகாமுக்குப் போனார். அங்கே போனில் டவர் கிடைக்காது. மறுநாள் மதியம் சார் சாப்பிடப் போன நேரம், சுருள் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி முன்பகுதியிலிருந்து ஒரு தாளை உருவினேன். பக்கம் விடுபடுவது ஏழாவது பிழை. மூன்று மணிக்கு சார் கண்டுபிடித்தார்; பாவம், பதறிப் போனார்.

"மேடம், பொருளடக்கத்துல நாலாம் பக்கம் இருக்குது, உள்ள காணோம். நாலு மணிக்குள்ள அனுப்பணும். உங்ககிட்ட சாஃப்ட் காப்பி இருக்குதுங்களா?"

"இல்லைங்க சார்" என்றேன். அது பொய்யில்லை. பூங்கொடியின் எண் என் போனில் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்துதான் அந்தப் பக்கத்தைப் படித்தேன். நன்றியுரை. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்: 'இந்த ஏட்டில் உள்ள பிழைகள் அனைத்தும் என்னுடையவை. ஆறு முறையும் முகம் சுளிக்காமல் அவற்றைத் திருத்தியவள் என் மனைவி மேரி.'

அழுதேன். நன்றாகவே அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தபோதுதான் தெரிந்தது, நன்றியுரையில் வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டிருக்கிறார். முழுப் பெயர் போட வேண்டும். இது பட்டியலில் இல்லை. இருபத்து மூன்றாவதாகச் சேர்த்துவிட்டேன். அந்தத் தாளை மடிக்காமல் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஏழு முறையும் பிழை செய்தது நான். அவர் அஜாக்கிரதையானவர் அல்ல. எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். இதை அவரிடம் மட்டும் காட்ட வேண்டாம், அவருக்கு ரத்த அழுத்தம். அவருக்கு இரண்டு வருடம் கால நீட்டிப்புத் தந்தால் போதும். வெளியே எங்கும் கொடுக்க வேண்டாம், நானே தட்டச்சு செய்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நேற்று ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். பட்டியலில் இன்னும் பதினைந்து பாக்கி இருக்கின்றன. புதியதையும் சேர்த்தால் பதினாறு.