முண்டியம்பாக்கத்துப் பால்கனி

எனக்கு மைக் என்றால் கொள்ளை ஆசை, ஐயா. கல்யாண வீட்டில் மைக்செட்காரன் 'ஹலோ, ஹலோ' என்றாலே எனக்குத் தொண்டை கரகரக்க ஆரம்பித்துவிடும். "உங்களுக்குச் சோறே வாணாம், எதிர்ல நாலு பேரு குந்திக்கினு இருந்தா போதும்" என்பாள் என் மனைவி ராஜாமணி. நீங்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன்.

என் பெயர் சுப்பராயலு. சிவில் என்ஜினியர். எங்கள் பொறியாளர் சங்கத்தின் விழுப்புரம் கிளைக்குச் செயலாளர். படித்துவிட்டு ஊரோடு வந்து உட்கார்ந்தவர்கள் துருப்பிடித்துப் போகிறார்களே என்று மெட்ராஸ் தலைமைக்குக் கவலை வந்துவிட்டது. அதனால் ஒரு ஸ்லைடு புரொஜெக்டரையும் பாடத்துக்கு ஒரு பெட்டி ஸ்லைடுகளையும் கிளை கிளையாக அனுப்பினார்கள். எங்கள் வகுப்பு முடிந்ததும் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றித் திண்டிவனம் கிளைக்கு அனுப்ப வேண்டும். நன்றாக வகுப்பு நடத்தும் கிளைக்கு வருடா வருடம் சுழற்கேடயம் உண்டு. எண்பத்தைந்தில் அதைத் திண்டிவனம் அடித்துக்கொண்டு போனது. அங்கே செயலாளர் தேவநாதன், காலேஜில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. அவன் பேசினால் கொசுகூடத் தூங்கிவிடும். அவனுக்குக் கேடயம் என்றதும் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

மறுவருடம் வந்த பாடம், வீட்டுக் கான்கிரீட் வேலை. மாடி ஹால் நிறையக் கூட்டம். மார்க் போட மெட்ராஸிலிருந்து வந்த பெரியவர் முன்வரிசையில். அவர் எலக்ட்ரிகல்காரர். தேவநாதனையும் விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தேன். என் பேச்சை அவன் கேட்க வேண்டாமா?

ஸ்லைடை மெஷினில் தலைகீழாகச் செருகினால்தான் திரையில் நேராக விழும். அந்த வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை. அன்று கரெண்ட் போய்ப் போய் வந்த அவசரத்தில் ஒன்றை மாற்றிச் செருகிவிட்டேன். பால்கனியைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம் அது, எழுத்து எதுவும் கிடையாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் ஆள் நின்றால் மேல்பக்கம்தான் இழுபட்டுப் பிளக்கும். அதனால் கம்பி மேலே இருக்க வேண்டும். சிவில் படித்தவனுக்கு இது அரிச்சுவடி. என் திரையில் கம்பி கீழே இருந்தது.

"சுப்பு, ஸ்லைடு தலகீழா இருக்குது. கம்பி கீழ போயிட்ச்சு பாரு" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தான் தேவநாதன். ஹாலே சிரித்தது.

'ஆமாம்பா' என்று திருப்பிச் செருகியிருந்தால் அரை நிமிட வேலை. எனக்கோ காது சுட்டது. "தேவா, நீ இன்னும் பழைய புக்கையே வச்சிக்கினு இருக்கே. இப்ப நல்ல கம்பி, நல்ல சிமெண்டு. வெளிநாட்டுல இப்படித்தான் போடறான்" என்றேன். இப்போது எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். சிவில்காரர்கள் இரண்டு மூன்று பேருக்கு விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் கடைசி பஸ் அவர்களுக்கு முக்கியம், எனக்கும் அது வசதியாகப் போயிற்று. அடுத்த கூட்டத்தில் திருத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த கூட்டத்தில் கேடயம் கொடுத்துவிட்டார்கள். கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படித் திருத்துவது? பெட்டியைத் திண்டிவனத்துக்கு அனுப்பியபோது அந்த ஒரு ஸ்லைடை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்று முதலில் கைதட்டியவன் சீனுவாசன். மெக்கானிக்கல் டிப்ளமோ. வேலை கிடைக்காமல், வீடு கட்டிக் கொடுக்கக் கிளம்பியவன். அவனைப் போன்றவர்களுக்காகத்தான் தலைமை அந்தப் பெட்டிகளையே அனுப்பியது. கட்டட வேலையில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்னதுதான்.

அவன் எடுத்த முதல் மாடி வீடு, முண்டியம்பாக்கத்தில் பெரியசாமி வாத்தியார் வீடு. ஒரு நாள் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனான். பால்கனிக்குக் கம்பி கட்டியாகிவிட்டது, மறுநாள் கான்கிரீட். ஏறிப் பார்த்தேன். கம்பியெல்லாம் அடியில் கிடந்தது.

"நேத்து தேவநாதன் சாரு இந்தப் பக்கமா போய்க்கினு இருந்தவரு வண்டிய நிறுத்திட்டு எறங்கினாருங்க" என்றான். "கம்பிய மேல தூக்குடான்னு ஒரே சத்தம். எங்க சாரு ஸ்லைடு போட்டே காட்டினாருன்னேன். உங்க சாரு நேர்ல வந்து தன் வாயால சொல்லட்டும், நான் பேசாம போயிடறேன்னுட்டாரு. நீங்க சொல்லுங்க சார். மாத்தணும்னா ஜல்தியா மாத்திடலாம்."

வாத்தியாரின் மனைவி அம்சா அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டுவந்து வைத்தார். "இங்க நின்னா ரோட்டுல போற பஸ்ஸெல்லாம் தெரியும்ங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

மல்லாட்டையை உரித்தபடியே யோசித்தேன். கம்பியைத் தூக்கச் சொன்னால் சாயங்காலத்துக்குள் தேவநாதனுக்குச் சேதி போகும். அவன் அதை மெட்ராஸ் வரைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

"இருக்கட்டும்பா. அப்படியே கான்கிரீட் போடு" என்றேன்.

மல்லாட்டை நன்றாக இருந்தது.

கிரகப்பிரவேசத்துக்கும் போனேன். போகாவிட்டால் நன்றாக இருக்காதே. பந்தலில் பால்கனிக்கு நேர் கீழே எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். வெயில் அடிக்கிறது என்று சொல்லி, அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அங்கே நிழல்தான், ஐயா. சீர்வரிசை மேளத்தோடு தெருவில் வந்தது. வேடிக்கை பார்க்கப் பெண்களெல்லாம் பால்கனியில் கூடினார்கள். 'இறங்குங்கள்' என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். மைக் இல்லாமலே கேட்கிற தொண்டை எனக்கு. 'ஏன்' என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் விழுந்துவிட்டது.

அம்சாவும் அவர் மாமியார் குப்பம்மாளும் அங்கேயே செத்துப் போய்விட்டார்கள். வாத்தியார் வெறும் கையால் கான்கிரீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நானும் போய்க் கை கொடுத்தேன். பொய்யில்லை.

சீனுவாசனைப் பிடித்தீர்கள். அவன் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் 'கம்பி கட்டின சமயத்தில் நான் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை' என்று சாதித்திருப்பேன். நேற்று அவன் அம்மா அஞ்சம்மாள் முகையூரிலிருந்து வந்தார். "சாரு நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாரு, நான்தான் தப்பா புரிஞ்சிக்கினேன்னு போலீசுல சொல்லிட்டானாங்க. உங்களுக்கு ஒரு பேஜாரும் வராதுங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் வகுப்பைக் கேட்டு இதுவரை ஒருவனும் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை, ஐயா. சீனுவாசன் சரியாகவே புரிந்துகொண்டான், நான் சொன்னபடியே கட்டினான். விழும் என்று தெரிந்துகொண்டே 'போடு' என்றது நான். அந்த இரண்டு பேரையும் கொன்றது நான். இதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. ஒரே ஒரு உபகாரம் மட்டும் செய்யுங்கள். கோர்ட்டில் இதைப் படிக்கிற அன்றைக்குத் தேவநாதனைக் கூப்பிட்டுவிடாதீர்கள். அவன் சொன்னதுதான் சரி என்று அவன் எதிரில் நின்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.