கமலக்கண்ணனின் கையெழுத்து

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது சார், சர்க்கரை அளவாகப் போட்டிருக்கிறார்கள். கமலக்கண்ணன் தங்கமான பையன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரெட்டியார்பாளையத்தில் நானும் அவனும் ஒரே மாடி அறையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் தனித்தனியாக சாஃப்ட்வேர் எழுதி விற்றோம்.

என் புரோகிராமை எங்கே ஏற்றினாலும், வெளியிட்டவர் யாரென்று தெரியாது, ஆபத்தாக இருக்கலாம் என்று திரையில் எச்சரிக்கை வரும். இரண்டாயிரத்து ஏழில் புது விண்டோஸ் வந்த பிறகு தொல்லை அதிகமானது. கமலக்கண்ணன் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் டிஜிட்டல் கையெழுத்து வாங்கினான். அதன்பின் அவனுடையதை ஏற்றினால் எச்சரிக்கை இல்லை, அவன் பெயர் வந்தது. மருந்துக்கடை வேம்பு என்னிடமே சொன்னார்: "உன்னுது போட்டா திருடன் வந்த மாதிரி மிரட்டுது தம்பி. கமலக்கண்ணனுது பேரோட வருது பாரு. நான் அதையே வாங்கிக்கிறேன்."

எனக்கு வருத்தமில்லை. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அவர் பெயரைச் சொன்னாலே ஊரில் மரியாதை. பெயரின் மதிப்பு தெரிந்து வளர்ந்தவன் நான்.

கமலக்கண்ணன் தன் தங்கை கல்யாணத்துக்காக பாகூர் போனபோது, கையெழுத்து இருந்த பென் டிரைவையும் பாஸ்வேர்டையும் என்னிடம் கொடுத்தான்.

"ஜெரெமி, நர்சிங் ஹோம்ல புது வெர்ஷன் கேப்பாங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுடா. உன்ன விட்டா நான் யார நம்புவேன்?"

அது பச்சிளங்குழந்தைகளின் எடையைப் பார்த்து மருந்தளவு சொல்லும் புரோகிராம். நான் ஒரு வரியைத்தான் மாற்றினேன். தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப்போய் மருந்து பத்து மடங்காகும், அதுவும் எப்போதாவது. சோதித்துப் பார்த்தால் அகப்படாது. பிறகு அவன் கையெழுத்தைப் போட்டேன். திரை யாரையும் எச்சரிக்கவில்லை. நர்ஸ் அவன் பெயரைப் பார்த்துவிட்டு, சரி என்று அழுத்தினார்.

பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் கொளஞ்சியின் பிள்ளை அந்த அளவில் மருந்து ஏறி இறந்தது. அதற்கு இன்னும் பெயர்கூட வைத்திருக்கவில்லை. அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

கையெழுத்து கலையாமல் இருந்தால் நடுவில் வேறு யாரும் கைவைக்கவில்லை என்று பொருள். அதனால்தான் நீங்கள் கமலக்கண்ணனைப் பிடித்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. நான் அவனுக்கு ஜெயிலுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

மனசாட்சி உறுத்தித்தான் இங்கே வந்தேன். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். ஆனால் நேற்றைய பேப்பரைப் பார்த்தீர்களா? நிபுணர்களே கண்டுபிடிக்கத் திணறிய சாமர்த்தியமான வேலை, செய்தவர் கமலக்கண்ணன் என்று போட்டிருக்கிறார்கள்.

அவனுக்கு அவ்வளவு வராது சார். அந்த வரி நான் எழுதியது. அதிலாவது என் பெயரைப் போடுங்கள்.