ஜெர்மன் பங்காளி

"ஏங்க, ஜெர்மனியில ஒருத்தர் செத்துட்டா நமக்குத் தீட்டு உண்டா?"

மரக்காணத்தில் புறப்பட்ட புதுச்சேரி பஸ்ஸில், என் முன் சீட்டு அம்மா தன் கணவரிடம் கேட்டார். வெள்ளிக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம், அதற்குப் புடவை எடுக்கப் போகிறார்கள் என்பது அதற்குள் பஸ்ஸுக்கே தெரிந்திருந்தது.

"உண்டுதான். எங்க தாத்தாவோட தாத்தா ஜெர்மன்காரரு. செத்துப்போனவரு அவரோட அண்ணன் வழி. அப்ப பங்காளிதானே?"

"போன வருஷம் வரைக்கும் அவரு யாருன்னே நமக்குத் தெரியாது."

"இப்பத் தெரிஞ்சிடுச்சே! சர்ச்சு ஞானஸ்நான புஸ்தகத்துல பேரைக் காட்டினாரு இல்ல?"

"சரி, செத்து எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு நாள். ஆனா அடக்கம் பண்ண இன்னும் ரெண்டு வாரம் ஆவுமாம்."

"ஐயோ! அப்ப தீட்டை எந்த நாள்லேர்ந்து எண்றது?"

கணவர் ஜன்னல் வழியே உப்பளத்தைப் பார்த்தார்.

"நாலு வருஷம் ரெக்கார்டு தேடி நம்மளக் கண்டுபுடிச்சு வந்தாரு. உன் மீன்குழம்பைச் சாப்பிட்டுட்டு, கண்ணுல தண்ணியோட என்னைத் தம்பின்னாரு."

"அது காரத்துல வந்த தண்ணி."

சொல்லிவிட்டு அந்த அம்மா போனை எடுத்தார்.

"சம்பந்திங்களா? நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாங்க. பங்காளி வீட்டுல ஒரு சாவு... ஜெர்மனிங்க... ஆமாங்க, வெளிநாடுதான்... இல்லைங்க, தூரத்து சொந்தம்லாம் இல்ல, ரத்தப் பங்காளி. பேப்பர் இருக்குதுங்க."