பெட்ஷீட்ட மடிச்சு வெச்சாத்தான் கதவு தெறக்கும்

இல்லைங்க சார், எங்க வீட்டுக்காரரு குளிக்கத்தான் போயிருக்காரு. இப்பதான் போனாரு, கொஞ்சம் நேரமாகும். நீங்க உக்காருங்க. அந்தச் சேர்ல வேணாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க, பாப்பா துணிய எடுத்துடறேன்.

கம்ப்யூட்டரா? ஐயோ, ஒயரக் கழட்டாதீங்க சார். வேற ஆள வெச்சு முடிச்சுக்கறேன்னு மட்டும் சொல்லாதீங்க. உங்களுக்காக அவரு செய்யற அந்த கேமும் கையவிட்டுப் போயிடுச்சுன்னா அவருக்குன்னு ஒண்ணுமே இல்லைங்க. ரெண்டு வருஷம். தூக்கத்துல கூட அந்த லாட்ஜப் பத்தித்தான் பேசுவாரு.

என்ன தப்புன்னு எங்கிட்ட சொல்லுங்க, நான் அவருகிட்ட சொல்லிடறேன். எனக்குப் புரியாதுன்னு நெனைக்காதீங்க. நாப்பது தடவையாவது ஆடியிருப்பேன். பூட்டிக் கெடக்குற லாட்ஜு, அதுல கூட்டிப் பெருக்குற பொண்ணு ஒருத்தி, காணாம போன அவ அக்காவத் தேடறா. ஒவ்வொரு ரூம்லயும் கெடக்குற சாமான கிளிக் பண்ணிப் பாக்கணும், வேண்டியத எடுத்துப் பையில போட்டுக்கணும், எத எது மேல வெச்சா வழி கெடைக்கும்னு மண்டைய ஒடைச்சுக்கணும். சரிதானே?

ஒரு ரூம் செஞ்சு முடிச்சா மொதல்ல என்னத்தான் உக்கார வெப்பாரு. அஞ்சாங்கிளாஸோட நின்னவ, நீ தாண்டிட்டா ஊரே தாண்டிரும்டின்னு சிரிப்பாரு. அப்பல்லாம் மவுஸ எப்படிப் பிடிக்கறதுன்னே எனக்குத் தெரியாது. அவரு பின்னால நின்னு நகத்தக் கடிப்பாரே தவிர, வாயத் தெறந்து ஒரு குறிப்பு சொல்ல மாட்டாரு. வழி தெரியாம நான் சோப்ப எடுத்து கேம்ல வர்ற வாட்ச்மேன் மேல தேய்ச்சேன் ஒருநா. மறுநா பாத்தா அந்த வாட்ச்மேன், நேத்துதாம்மா குளிச்சேன்னு மொறைக்கறாரு. நான் எந்தக் கிறுக்குத்தனம் பண்ணாலும் அதுக்கு ஒரு பதில எழுதி வெச்சிருவாரு மனுஷன்.

என்னது? புது ரூம்ல எல்லாம் எடுத்தத எடுத்த எடத்துல வெக்கச் சொல்லுதா? ஆமா, வெக்கணும்ல? ஸ்க்ரூ கழட்டக் கரண்டிய எடுத்தா, வேலை முடிஞ்சதும் கழுவி மாட்டணும்ல? அடுத்தவங்க லாட்ஜு ஆச்சே. ஓ... வேலை முடிஞ்சா பையிலேர்ந்து அதுவா மறஞ்சு போயிரணுமா. எங்க போகும்? இல்லைங்க, சும்மாத்தான் கேட்டேன்.

ஆடிப் பாத்தவங்க சிரிச்சாங்களா? எந்த எடத்துல? பெட்ஷீட்டுக்கா. ஆமா, ரெண்டு பெட்ஷீட்ட முடிஞ்சு தொங்க விட்டு ஜன்னல் வழியா எறங்கறா. அப்புறம் மேல போயி, முடிச்ச அவுத்து, மடிச்சு பீரோல வெச்சாத்தான் கீழ் ரூம் கதவு தெறக்கும். எப்படி மேல போவான்னா, படியேறித்தான்.

படி இருக்கும்போது எதுக்கு ஜன்னல் வழியா எறங்கணும்... அட, ஆமால்ல! அது எனக்குத் தோணவே இல்ல பாருங்க.

அவருக்கு. அவருக்குத் தோணலைன்னு சொல்ல வந்தேன்.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? தண்ணிச் சத்தம் கேக்கலையா? அவரு மெதுவாத்தான் ஊத்திக்குவாரு. இருங்க, பாப்பா சிணுங்குறா, தூக்கிட்டு வந்துடறேன்.

சரிங்க சார். குளிக்கப் போகலை. எனக்குப் பொய் சொன்னா காதெல்லாம் சூடாயிடும்.

நான்தான் செஞ்சேன். கடைசியா வந்த அஞ்சு ரூமும் நான் செஞ்சதுதான். இவ மதியம் தூங்குவால்ல, அந்த நேரத்துல. யாரும் சொல்லித் தரல, அவரு செய்யறதப் பக்கத்துல நின்னு பாத்துப் பாத்து வந்ததுதான். சாமானச் சுத்திக் கோடு இழுத்துப் பேரு வெக்கணும். அப்புறம் பக்கத்துல ஒரு கட்டம் வரும், இத அது மேல வெச்சா என்ன ஆகணும்னு அதுல போட்டு விடணும். எனக்குப் புரியாதது நெறைய இருக்கு. பழைய ரூம்ல அவரு போட்டிருந்தத அப்படியே எடுத்து ஒட்டிட்டு, பேர மட்டும் மாத்துவேன். மூணு தடவ எல்லாம் அழிஞ்சே போச்சு. நீங்க எழுதி அனுப்பினதுக்கெல்லாம் பதில் போட்டதும் நான்தான். சரி சார், ஆகட்டும் சார்னு ரெண்டு வார்த்தைக்கு மேல எழுத பயம், அதான்.

அவரு உள்ள படுத்திருக்காரு. காச்சல் கீச்சல் எதுவும் இல்லைங்க. ஒடம்புல ஒரு கோளாறும் இல்லன்னு வீட்டுக்கு வந்து பாத்த டாக்டர் சொல்லிட்டாரு. மனசுக்குப் பாக்கறவர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னாரு. எந்திரிச்சு நின்னாத்தானே கூட்டிட்டுப் போக முடியும்? ஆடறவங்களுக்கு இழுவையா இருக்குன்னு அக்கா கதை வர்ற நாலு ரூமையும் வெட்டச் சொன்னீங்கல்ல, அன்னைக்கு வந்து, கை கால் கழுவிட்டு, செவுத்தப் பாத்துப் படுத்தவரு. இன்னையோட நாப்பத்தோரு நாள். ஊட்டி விட்டா முழுங்கறாரு. கூப்பிட்டா பதில் இல்ல. உங்களக் குத்தம் சொல்லலைங்க, நீங்க உங்க வேலையப் பாத்தீங்க. பேச்சுவாக்குல வந்துருச்சு.

கடைசி ரூமா? ம். அதுலேர்ந்து வெளிய வர வழி இல்லதான். எத எது மேல வெச்சாலும் ஒண்ணும் ஆகாது. மறந்து போச்சுன்னு நெனைச்சீங்களா? பெட்ஷீட்டு தெரியாமப் பண்ணது. இது தெரிஞ்சே பண்ணதுங்க. சின்னத் தப்புன்னா எழுதி அனுப்பிட்டு உக்காந்துருவீங்க. கேமே மொத்தமா நின்னு போச்சுன்னா கோவத்துல நேர்லயே வருவீங்கல்ல? பத்து நாளா வாசலத்தான் பாத்துட்டு இருக்கேன். நீங்க வந்து நின்னதும் பயத்துல என்னத்தையோ ஒளறிட்டேன்.

கம்ப்யூட்டர அப்புறம் எடுத்துக்கங்க சார், நான் தடுக்கல. மொதல்ல உள்ள வாங்க. செருப்போடயே வாங்க, பரவாயில்ல. தலமாட்டுல நின்னு, இது என்னய்யா வேலைன்னு நல்லா சத்தமாத் திட்டுங்க. அந்தப் பெட்ஷீட்டச் சொல்லித் திட்டுங்க. அது நான் செய்யலைன்னு சொல்றதுக்காவது வாயத் தெறப்பாரு. நான் கெஞ்சிப் பாத்துட்டேன், அழுது பாத்துட்டேன், இவள நெஞ்சு மேல போட்டுப் பாத்துட்டேன். திட்டித்தான் பாக்கல.

எனக்குத் திட்ட வராதுங்க.