மறைச்சதுக்கெல்லாம் ஒரு பட்டியல்

தப்பு அந்தப் படிவத்து மேலதாம்மா. முப்பத்தோரு வருஷம் பேப்பரோட பொழங்கினவ சொல்றேன், படிவம்தான் தப்பு... இல்ல இல்ல, கதவுச் சங்கிலிய எடுக்காதீங்க, இப்படியே நின்னு சொல்லிட்டுப் போயிடுறேன். கீழ் வீட்டுக்காரிதான், ரெண்டாம் மாடி. நீங்க குடிவந்து ஆறு வாரமாச்சு, இன்னும் ஒரு வார்த்தை பேசிக்கல... எடுத்துட்டீங்களா? அப்ப ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன், முட்டி சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. தண்ணியெல்லாம் வேண்டாம்மா... சரி, குடுங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், படிவம். நம்ம அரசாங்கமும் பக்கத்து நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டிருக்கில்ல, அவங்க கேட்டா நாம ஜனங்களோட தகவலக் குடுக்கணும், நாம கேட்டா அவங்க குடுக்கணும். தேவையானத மட்டும். எது தேவைன்னு யாரு முடிவு பண்றது? கேக்குறவங்க. நல்லாருக்குல்ல கத?

அதனாலதான் எங்க பிரிவுன்னு ஒண்ணு வச்சாங்க. ஃபைல் வெளிய போறதுக்கு முன்னாடி விலாசம், ஃபோன் நம்பர், நோய் நொடி எல்லாத்து மேலயும் கறுப்பு மார்க்கர் அடிக்கிறது எங்க வேலை. இந்தக் கட்டைவிரலப் பாருங்க, எத வச்சுத் தேச்சாலும் போகாது. அடிச்சதும் காப்பி எடுத்து, அதத்தான் அனுப்பணும். இல்லேன்னா வெளிச்சத்துல புடிச்சா அடியில இருக்குற எழுத்து தெரிஞ்சிடும். ரகசியத்தக் காப்பாத்துறது எப்படின்னு மூணு நாள் பயிற்சி வேற குடுத்தாங்க. முடிச்சதுக்கு ஒரு சான்றிதழ். என் பொறந்த தேதி, ரத்த வகை எல்லாம் போட்டு ஆபீஸ் வாசல்லயே மாட்டிவச்சிருக்காங்க. இப்ப கூரியர்காரர் கூட எனக்குப் பொறந்த நாள் வாழ்த்து சொல்றாரு.

ஆனா ஒண்ணு. ஆபீஸ் விஷயத்த இன்னைக்கு வரைக்கும் நான் வாசப்படி தாண்ட விட்டது கிடையாது. நாலாம் மாடி வாத்தியாருக்கு ரெண்டு காதுலயும் மிஷின், ஃபைல்ல பாத்தேன். யாருகிட்டயாவது மூச்சு விட்டேனா?

அப்புறம் அந்தப் பக்கத்து ஆளுங்க ஒரு பிரச்சனையக் கெளப்பிவிட்டாங்க. பக்கம் பூரா கறுப்பா வருது, எத மறைக்கிறீங்கன்னே தெரியல, உங்கள எப்படி நம்புறதுன்னு. நியாயம்தானேன்னு எங்க ஆபீசர் தலைய ஆட்டிட்டாரு. உடனே ஒரு படிவம். ஒவ்வொரு ஃபைலோடவும் மறைச்சதுக்கெல்லாம் ஒரு பட்டியல் போகணுமாம். நாலு கட்டம். எந்தப் பக்கம், எந்த வரி, மறைத்தது என்ன, காரணம் என்ன. மேல கொட்டை எழுத்துல, "முழுமையாக நிரப்பவும்." நீங்களே சொல்லுங்க, முழுமையான்னா என்ன அர்த்தம்? அந்தக் கட்டத்துல விலாசம்னு ஒத்த வார்த்தை எழுதினாப் போதும்னு யாராவது சொன்னாங்களா? எனக்கு அரைகுறையா எழுதிப் பழக்கமில்ல.

போன மாசம் ஒரு ஃபைல் வந்துச்சு. ஒரு பொண்ணோட டிரைவிங் லைசென்ஸ் நெசமானதான்னு அங்க இருக்குற லைசென்ஸ் ஆபீஸ்லேருந்து கேட்டிருந்தாங்க. ஆமாம்னு ஒரு வரி எழுதிப் போட்டா முடிஞ்சுது. ஆனா ஃபைல் பூராவும் போகணும், அதுதான் முறையாம். உள்ள ஒரு சிவப்புச் சீட்டு. அந்தப் பொண்ணே கைப்பட எழுதியிருந்துச்சு, நான் இருக்குற எடம் என் வீட்டுக்காரருக்குத் தெரியவே கூடாதுன்னு. மனசு கேக்கலம்மா. ஒரு தடவைக்கு மூணு தடவ மார்க்கர் அடிச்சேன், கடவுள் நேர்ல வந்தாலும் படிக்க முடியாது.

அடிச்சு முடிச்சுட்டு... பட்டியல எழுதினேன்.

ஏன் எந்திரிச்சிட்டீங்க? உக்காருங்க, இன்னும் சொல்லி முடிக்கல.

விலாசம் நம்ம கட்டடமா இருந்துச்சு. எனக்கு ஒரே சந்தோஷம், நம்ம வீட்டுக்கு மேலயான்னு. நம்ம தெரு பேர எல்லாரும் தப்பாத்தான் எழுதுவாங்க, உங்க ஃபைல்லயும் தப்பு, அதத் திருத்தினேன். மூணாம் மாடி, எடது பக்கம்னு சேத்தேன். லிஃப்ட் பாதியில நின்னுடும், பின்பக்கப் படி சுலபம்னும் போட்டேன். தபால்காரர் அலையுறதப் பாத்துப் பாத்து வந்த பழக்கம்மா, வேற ஒண்ணுமில்ல. காரணம்ங்கிற கட்டத்துல, கணவருக்குத் தெரியக் கூடாதுன்னு எழுதினேன்.

இன்னைக்குக் காலையில அங்கேருந்து பதில் வந்துச்சு. உங்கள் முழுமையான ஒத்துழைப்புக்கு நன்றின்னு. இத்தன வருஷத்துல எவனும் நன்றி சொன்னதில்லையேன்னு கையெழுத்தப் பாத்தேன். எங்கயோ பாத்த பேரு. சிவப்புச் சீட்ட எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தா, வீட்டுக்காரர் பேரு அதேதான். அவரு அந்த லைசென்ஸ் ஆபீஸ்லயே வேலை பாக்குறாருன்னு நீங்க சீட்டுல ஒரு வரி சேத்திருக்கக் கூடாதா...

இல்ல. உங்களச் சொல்லி என்ன ஆகப்போகுது. படிவத்தச் சொல்லியும் பிரயோசனமில்ல. நான்தாம்மா எழுதினேன். இந்தக் கையாலதான்.

அங்க ஃபோன் போட்டுக் கேட்டேன். நான் யாருன்னு ஒரு வார்த்தை கேக்கல. சார் முந்தாநாள்லேருந்து லீவு, மனைவியப் பாக்க வெளியூர் போயிருக்காருன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. அரை நாள் லீவு எழுதிக் குடுத்துட்டு ஓடி வந்தேன். வந்த விஷயத்த முதல்ல சொல்லாம என்னென்னமோ பேசிட்டேன், வாய் வரல.

அந்தப் பெரிய பைய விடுங்க, சின்னதே போதும். பின்படி வேண்டாம், முன்பக்கமாவே எறங்குங்க. அவரு வந்தா நான் இங்க உக்காந்திருப்பேன். பேசிப் பேசியே ரெண்டு மணி நேரம் நிறுத்தி வைப்பேன், அது ஒண்ணுதான் எனக்கு வரும். ஒரு வார்த்தை திட்டிட்டாவது போங்கம்மா...

எங்க போறீங்க? அக்கா வீட்டுக்கா, இல்ல...

வேண்டாம். சொல்லாதீங்க. யாருகிட்ட வேணா சொல்லுங்க, எங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.