ஊதாமல் போன வண்டி

மார்கழி மாதம். காலை ஆறு பத்து. வடக்குத்து ஊரைத் தாண்டினால் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு மண்பாதை போகும்... கேட் கிடையாது, விளக்கு கிடையாது. சுற்றிலும் முந்திரித் தோப்பு. பகலிலேயே ஆள் நடமாட்டம் இருக்காது. கிட்ட வந்து உட்காருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல மாட்டேன்.

என்னோடு வேலை பார்க்கும் ஜெயசெல்வியின் தம்பி ஆல்பின். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. எஞ்சின் ஹாரன் பழுது பார்க்கும் கான்ட்ராக்ட் வேலை. பேய் என்றால் வாய்விட்டுச் சிரிக்கிறவன். அன்றைக்குச் சரக்கு வண்டி எஞ்சினில் அவன் ஏறியதே ஒரு புகாரால்தான். டிரைவர் வேலுமணி ஒரு மாதமாக, ஹாரன் வேலை செய்யவில்லை என்று எழுதிக்கொண்டே இருந்தார். ஷெட்டில் ஊதிப் பார்த்தால் ஊரே அதிரும். கூடவே போய்ப் பார்த்துவிட்டு வா என்று அவனை அனுப்பினார்கள்.

ஏறியதிலிருந்து ஹாரனில் ஒரு குறையும் இல்லை. பாலத்தில் ஊதியது, ஸ்டேஷனில் ஊதியது. மண்பாதை நெருங்கியது... வேலுமணி கையை எடுத்துக்கொண்டார்.

"நீ அமுத்து தம்பி. எனக்கு இங்க அது வாயத் தொறக்காது."

ஆல்பின் அமுக்கினான். உஸ்ஸ்... காற்று மட்டும்தான் வந்தது. மறுபடியும்... உஸ்ஸ். பனிக்குள், தண்டவாளத்து ஓரமாக, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். உதட்டின் மேல் விரல் வைத்திருந்தான். எஞ்சின் அவனைக் கடந்தபோது, எண்ணெய் நாற்றத்துக்கு நடுவே பச்சைப் பிள்ளையின் பால் வாசனை... திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

வேலுமணி அழுதுவிட்டார். அதற்கப்புறம் எல்லாம் வெளியே வந்தது. ஐப்பசியில் ஒருநாள் சிக்னலுக்கு வண்டி நின்றபோது, தோப்பு ஓரத்து வீட்டிலிருந்து செவ்வந்தி என்கிற பெண் கைக்குழந்தையோடு வந்து கேட்டிருக்கிறாள். விடிகாலையில் நீங்கள் ஊதினால் பிள்ளை தூக்கிவாரிப் போட்டு அழுகிறது, இந்த இடத்தில் மட்டும் ஊதாதீர்கள் என்று. பாவம் பார்த்து ஊதாமல் போனார். பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. பதினோராம் நாள் மழை இருட்டில், நைட் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பிய அவள் புருஷன் தமிழ்மாறன் அந்தப் பாதையில் சைக்கிளோடு தண்டவாளத்தைக் கடந்தான். இவர் வண்டிதான் அடித்தது.

விசாரணையில் வேலுமணி, நான் ஊதினேன், அவன் குடித்திருப்பான் என்று சொல்லிவிட்டார். கூட இருந்த அசிஸ்டென்ட் டிரைவரும் ஆமாம் போட்டார். ஒரு சொட்டுக்கூடத் தொடாத மனிதன், குடிகாரன் என்று எழுத்தில் ஏறிவிட்டான். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை என்றார் வேலுமணி.

அவளிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள் சார் என்றான் ஆல்பின். அன்று மதியமே இருவரும் போனார்கள். நல்ல பட்டப்பகல். செவ்வந்தி வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வேலுமணி அவள் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஊதவில்லை அம்மா, பொய் சொல்லிவிட்டேன் என்றார்.

அவள் முகம் மாறவே இல்லை.

"தெரியும்ங்க. ஊதாதீங்கன்னு கேட்டதே நான்தானே. அதுக்கு அவரு உங்கள ஒண்ணும் சொல்லல. நான் குடிச்சிருந்தேன்னு டிரைவர் ஏன் சொன்னாருன்னுதான்... தெனமும் கேட்டுக்கினு இருக்காரு."

 எழுதினதை மாற்றச் சொல்கிறேன், வேலை போனாலும் போகட்டும் என்று வேலுமணி குரலை உயர்த்தினார்.

"மெதுவா பேசுங்க," என்றாள். "இப்பத்தான் தூங்க வெச்சிட்டுப் போறாரு."

ஆல்பின் உள்ளே எட்டிப் பார்த்தான். வீட்டில் வேறு ஆளே இல்லை. தூளி மட்டும் வேகமாக ஆடிக்கொண்டிருந்தது...